ஊசி கேட்டது நாம்தான்

வீட்டுப் பக்கத்து டாக்டரைப் பற்றி ஒரு குறையாவது சொல்லாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. "தொட்டுக்கூடப் பாக்கலை." "உக்காரதுக்குள்ள சீட்டு எழுதிட்டார்." "நான் சொல்றதைக் காதுலயே வாங்கலை." டீக்கடையில், கல்யாணப் பந்தியில், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் எங்கும் இதே பேச்சு. பேச்சில் பொய்யில்லை. 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போடவே அந்த நேரம் சரியாகப் போய்விடும்.

காரணம் என்ன என்று யாராவது கேட்டால் நம் விரல் உடனே வெளியே நீளும். அரசு போதிய டாக்டர்களைப் போடவில்லை, பெரிய ஆஸ்பத்திரிகள் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன, டாக்டர்களுக்குப் பணத்தாசை. இதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதவும் வேண்டும். யாரும் எழுதாமல் விட்டது நம் பங்கை. கிளினிக்கில் மேஜைக்கு இந்தப் பக்கம், அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நாம்தான். நாம் எதைக் கேட்டோம், எதற்கு முகம் மலர்ந்து பணம் கொடுத்தோம், எதற்கு முகம் சுளித்தோம் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எதிரே இருந்தவர் தன் வைத்தியத்தை மாற்றிக்கொண்டார்.

முதலில் ஊசியைச் சொல்ல வேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போகிறோம். டாக்டர் நாக்கைப் பார்க்கிறார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கிறார், வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார். "வைரல் ஃபீவர்தாம்மா. ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும். பாராசிட்டமால் மட்டும் போதும். கஞ்சி, தண்ணி நிறையக் குடுங்க. மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிக்காம எடுத்தாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு வாங்க" என்கிறார். நல்ல வைத்தியம் என்பது இதுதான். எது தானாகச் சரியாகும், எது ஆகாது, எப்போது பயப்பட வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். ஐந்தரை வருஷப் படிப்பும் அந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது.

நாம் அதைக் கேட்டுக்கொண்டு எழுந்திருக்கவில்லை. "ஊசி போடலியா டாக்டர்?" என்றோம். வேண்டாம் என்றார். "நாளைக்கு ஊருக்குப் போறோம், ஒண்ணே ஒண்ணு போட்டுடுங்களேன்" என்றோம். மறுபடி வேண்டாம் என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே, "ஒண்ணுமே எழுதலை, இதுக்கு ஃபீஸ் வேற" என்று பெஞ்சில் இருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னோம். சாயங்காலம் ஊசி போடுகிற இன்னொருவரிடம் போனோம். மறுநாள் காய்ச்சல் விட்டது. அது அன்றைக்குத் தானாக விட வேண்டிய காய்ச்சல். ஆனால் பேர் வாங்கியது ஊசி. "அவருக்குக் கைராசி" என்று தெரு முழுக்கச் சொன்னோம்.

வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஊசி போடாதவரின் பெஞ்சு காலியாகும். அவருக்கும் கடை வாடகை உண்டு, கம்பவுண்டருக்குச் சம்பளம் உண்டு, படிக்கிற பிள்ளைகள் உண்டு. விளக்கிச் சொல்ல எட்டு நிமிடம் ஆகும். ஊசி குத்த ஒரு நிமிடம் போதும். எட்டு நிமிடம் சொன்னவர் மேல் கோபம், ஒரு நிமிடத்தில் குத்தினவர் மேல் பக்தி என்று நாம் இருந்தால் எந்த மனிதரும் ஒரு நாள் தளர்ந்துவிடுவார். அவரும் போட ஆரம்பித்தார். பாதி நேரம் அது வெறும் பி காம்ப்ளெக்ஸ். சில இடங்களில் டைக்ளோஃபெனாக். இன்னும் சில இடங்களில் ஸ்டீராய்டு; அது காய்ச்சலையும் வலியையும் கொஞ்ச நேரம் அமுக்கிவைக்கும், உள்ளே இருக்கும் நோயைக் காட்டாமல் மறைக்கும். டெங்குவாக இருந்தால் வலிக்குப் போடுகிற ஊசியே ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடக்கூடும். மழைக்காலத்தில் ஒவ்வொரு வருஷமும் சுகாதாரத் துறை இதைச் சொல்கிறது. ஒவ்வொரு வருஷமும் நாம் ஊசி கேட்கிறோம்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசிப் பழக்கத்தைப் பற்றி நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் வருஷத்துக்கு 300 கோடிக்குக் குறையாமல் ஊசி போடப்படுவதாகவும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பற்ற முறையில் போடப்படுவதாகவும் அது கண்டது. அதற்குப் பிறகு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிரிஞ்சுகள் வந்து நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. கேட்கிற பழக்கம் மாறவில்லை.

ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. போட்டே ஆக வேண்டிய ஊசி ஒன்றின் அருமையை எங்கள் ஊரில் நாங்கள் உணராமல் போன கதையும் உண்டு.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில், அரிசி மில்லுக்கு எதிரே, நெடுங்காலம் ஒரு டாக்டர் இருந்தார். முன்னறையில் இரண்டு பெஞ்சு, உள்ளே ஒரு மேஜை, ஒரு கட்டில், பச்சைத் துணித் திரை. மேஜைக்குப் பின்னால் அலமாரியில் மளிகைக்கடைப் பேரேடு மாதிரி தடித்த நோட்டுகள் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் வீட்டுப் பெரியவர் பெயர், தெரு. கீழே யாருக்கு எப்போது என்ன வந்தது என்பது அவர் கையெழுத்தில் இருக்கும். பாட்டிக்கு இளைப்பு. அத்தைக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, அது சிவப்பு மையில். பெரியப்பாவுக்கு பிரஷர், மாத்திரையை நடுவில் நிறுத்துகிற பழக்கம் உண்டு. பிள்ளைகளில் யாருக்கு இரண்டாவது தவணைத் தடுப்பூசி பாக்கி.

சிறுவயதில் மூட்டு வீங்கி, காய்ச்சல் வந்து, அதனால் இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தவறாமல் போட வேண்டும், அதுவும் பல வருஷங்களுக்கு. பெனிடியூர் என்ற பேரில் வரும். போட்ட இடம் ரெண்டு நாள் வலிக்கும், பிள்ளைகள் பயப்படுவார்கள். அந்த டாக்டர் அவர்கள் பெயர்களைத் தனித் தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். நாள் தவறினால் கம்பவுண்டர் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவார். வகுப்பறை வாசலில் அவர் தலை தெரிந்ததும் அந்தப் பிள்ளை முகம் தொங்கிப்போகும். ஆனால் வால்வு மேலும் கெடாமல் அவர்கள் வளர்ந்தார்கள். வேண்டாத ஊசிக்கு அவர் மறுத்ததும், வேண்டிய ஊசிக்கு ஆளை அனுப்பித் தேடியதும் ஒரே வைத்தியம். நாங்கள் முதலாவதற்கு அவரைக் கோபித்தோம். இரண்டாவதை ஒரு சேவையாகக்கூடக் கணக்கில் வைக்கவில்லை.

அவருக்கு வயதானது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் அழைத்துக்கொண்டு போனார்கள். வழியனுப்பக் கூட்டம் வந்தது, சால்வை போர்த்தினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்த நோட்டுகள் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவரவர் வீட்டுப் பக்கத்தையாவது ஒரு தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பார். கடையைக் காலி செய்தபோது எல்லாம் பழைய பேப்பருக்குப் போயின. இன்று பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு "ஏதாவது மருந்து அலர்ஜி உண்டா?" என்று கேட்கும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்கிறோம். இருந்தது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் எழுதியும் வைத்திருந்தார்.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுகிறவர்களுக்கு என்ன நன்மை என்பதை ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை வைத்து ஆராய்ந்து 2018-இல் பிரிட்டனில் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 18 ஆய்வுகள், அப்படிக் காட்டுகிறவர்களிடையே இறப்பு குறைவு என்று கண்டன. இதற்கு நவீன இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தெரிந்த முகம், பழைய குறிப்பு, "போன தடவை சொன்னதைச் செஞ்சீங்களா?" என்று கேட்கிற உரிமை, இவ்வளவுதான். இந்த மூன்றும் எங்கள் ஊரில் அரிசி மில்லுக்கு எதிரே இருந்தன.

அவர் இடத்துக்கு இன்னொருவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். வந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் வந்து பலகை மாட்டினார். பலகையைப் பார்த்து நாம் சொன்னது, "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?"

இந்த "வெறும்" எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறது என்பதை நாம் இன்னும் உணரவில்லை. கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை எம்.பி.பி.எஸ். நமக்குச் சொர்க்கம், கிடைத்து முடித்ததும் "அடுத்து என்ன?" பெண் பார்க்கப் போகிற இடத்தில் கேட்கிறோம், மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறோம். பொது வைத்தியம் பார்க்கிறவருக்கு மரியாதை இல்லை என்று தெரிந்த பிள்ளை ஏன் கடைத்தெருவில் வந்து உட்காரும்? இரண்டு மூன்று வருஷம் அறைக்குள் பூட்டிக்கொண்டு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறது. எங்கள் ஊருக்கு வந்தவரும் பலகையைக் கழற்றிக்கொண்டு படிக்கப் போய்விட்டார். இன்று இதய நிபுணராகவோ எலும்பு நிபுணராகவோ நகரத்தில் இருப்பார். நம் ஆசையைத்தான் அவர் நிறைவேற்றினார்.

நாமும் நிபுணர்களிடம் போனோம். தலை சுற்றினால் நரம்பு டாக்டர், நெஞ்சு எரிந்தால் இதய டாக்டர், முட்டி வலித்தால் எலும்பு டாக்டர். ஒவ்வொருவரும் தம் உறுப்பை நன்றாகத்தான் பார்த்தார்கள். மொத்த மனிதரைப் பார்க்க ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் மாத்திரைப் பையை ஒருநாள் கட்டிலில் கொட்டிப் பார்த்தோம். அட்டைகள், பாதி வெட்டிய அட்டைகள், பழுப்புக் கவர்கள். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மைப் பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டு வந்தபோது, பேன்டப்ரசோல் என்ற ஒரே வயிற்று மாத்திரை மூன்று கம்பெனிப் பெயர்களில், மூன்று டாக்டர்கள் எழுதியதாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் மூன்றையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்று டாக்டர்களிடமும் மற்ற இருவர் எழுதிய சீட்டை நாங்கள் காட்டியிருக்கவில்லை. காட்டினால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். எடுத்துக்கொண்டு போக மறதி. வேறு காரணம் இல்லை.

மருந்துக்கடையிலும் நம் கைவரிசை உண்டு. டாக்டரிடம் உட்காரச் சோம்பல், டோக்கனுக்கு நிற்கப் பொறுமையில்லை. "சளி, காய்ச்சல், ரெண்டு வேளைக்கு செட் மாத்திரை குடுங்கண்ணே." கடைக்காரர் அட்டையில் இருந்து கத்திரித்துத் தாளில் மடித்துத் தருகிறார். அதில் ஒன்று ஆன்டிபயாட்டிக். ரெண்டு வேளையில் தேவலை போலிருந்தால் மீதியை மேஜை டிராயரில் போட்டுவைத்து, அடுத்த தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்தோம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வீரியமான மருந்துகளுக்காக எச்1 என்ற அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அந்த மருந்தை விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் எழுதி என்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-இல் ஆன்டிபயாட்டிக் அட்டைகளின் சிவப்புக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி மத்திய அரசு பிரசாரம் செய்தது. உங்கள் டிராயரைத் திறந்து பாருங்கள், அந்தக் கோடு இருக்கும். சட்டத்தைக் கடைக்காரர் மீறினார் என்று சொல்லிவிடலாம். கேட்டு வாங்கினது நாம். தர மறுத்த கடைக்காரரை விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனதும் நாம்.

இனி ஊர்க் கோடியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். சுதந்திரத்துக்கு முன்பே, 1946-இல், ஜோசப் போர் தலைமையிலான குழு இப்படி ஒன்று கிராமம்தோறும் மக்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்பது பின்னால் வந்த கணக்கு. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு மற்ற பல மாநிலங்களைவிட நன்றாகவே வேர்விட்டது. 1994-இல் மருந்து கொள்முதலுக்கென்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. வாங்குகிற மருந்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்பும் முறையை அது கொண்டுவந்தது. மற்ற மாநிலத்தவர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். நாம் சொன்னது, "கவர்மென்ட்டு மாத்திரையில பவர் இருக்காது."

வசதி கொஞ்சம் வந்ததும் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினோம். படித்தவர்கள், வாத்தியார்கள், கடை வைத்திருப்பவர்கள், எழுதுகிறவர்கள், ஒரு புகார் கொடுத்தால் நாலு பேர் காது கொடுக்கக்கூடிய எல்லோரும்தான் முதலில் விலகினோம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும், ரத்தம் சோதிக்கிற ஆள் இடம் மாறிப்போய் மாற்று ஆள் வராவிட்டாலும், கேட்கத் தைரியமில்லாதவர்கள் மட்டும் அங்கே மிஞ்சினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுத முடியாது. நாம் எழுதியிருக்கலாம். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் வந்தபோது நோயாளர் நலச் சங்கம் என்ற ஏற்பாடும் வந்தது. நிலையத்துக்கு வரும் நிதியில் ஒரு பகுதியை எப்படிச் செலவிடுவது என்பதில் ஊர்க்காரர்களும் பேச இடமிருக்கிறது. எங்கள் நிலையத்தின் சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று போன வருஷம்வரை எங்களுக்குத் தெரியாது. கோயில் கமிட்டியில் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நல்லவர்களை நாம் போற்றாமல் இல்லை. போற்றுகிற நேரம்தான் தப்பிப் போகிறது. வண்ணாரப்பேட்டையில் ஏழைகளுக்குச் சொற்பக் காசு வாங்கி வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானார். வியாசர்பாடியில் இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய் டாக்டர் என்று பேர்பெற்ற திருவேங்கடம் 2020 ஆகஸ்டில் காலமானார். இருவரும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அவர்களிடம் அன்றாடம் வந்த வடசென்னை மக்களின் கண்ணீர் உண்மையானது; அது வேறு. ஆனால் தமிழ்நாடு முழுவதும் அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் வைத்த நாம், நம் தெருவில் நியாயமான ஃபீஸ் வாங்கி நேர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போகாமல், ஏ.சி. அறையும் கண்ணாடிக் கதவும் இருக்கிற இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம். ஐந்து ரூபாய் என்ற தொகை நம் மனதில் நின்றது. அவர்கள் ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் இருந்து, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பார்த்தார்கள் என்பது நிற்கவில்லை. எல்லா டாக்டரும் ஐந்து ரூபாய்க்குப் பார்க்க வேண்டியதில்லை. உழைப்புக்கு உரியதை வாங்கட்டும். ஆனால் ஊசியே போடாமல் பேசி அனுப்பிய டாக்டருக்கும் அந்தத் தொகையை மனமுவந்து தர நாம் பழகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்வதில் நம் அலட்சியத்துக்குக் கணக்கே இருக்கிறது. தமிழக அரசு 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7 பேர் அளவுக்கு மட்டுமே. சர்க்கரையில் 11 பேர் அளவுக்கு. இதைப் பார்த்துத்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மகளிர் குழுவிலிருந்து வருகிற தன்னார்வலர் வாசலில் நின்று பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். வாங்கி வைத்துக்கொண்டு, "இப்ப நல்லாத்தான இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறோம். மறுமாதம் அவர் வந்தால் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே "அப்புறம் வாம்மா" என்கிறோம். வெயிலில் அடுத்த வீட்டுக்கு நடக்கிற அந்தப் பெண்ணும் எங்கள் தெருக்காரர்தான்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஓர் ஊரும் உண்டு. வேல்ஸில் க்ளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1960-களில் அங்கே கிளினிக் வைத்து கால் நூற்றாண்டு இருந்தார். வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் அவர் எழுதிய கட்டுரையை மருத்துவ உலகம் இன்றும் பேசுகிறது. தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும், நோய் என்று வராதவர்களுக்கும்கூட, ரத்த அழுத்தம் அளந்து குறித்துவைத்து விடாமல் பின்தொடர்ந்தார். 1991-இல் அவர் வெளியிட்ட கணக்கில், அகால மரணங்கள் பக்கத்து ஊரைவிட 28 சதவீதம் குறைவு. இதை அந்த டாக்டரின் பெருமையாக மட்டும் படித்துவிடக் கூடாது. சுரங்கத்திலிருந்து களைத்து வந்த ஆண்கள் வலியே இல்லாதபோதும் கிளினிக்குக்கு வந்து கையை நீட்டினார்கள். ஆய்வுக்கென்று கேட்டபோது சிறுநீர் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நோயாளி வைத்தியத்தை விலைக்கு வாங்குகிற ஆள் இல்லை, டாக்டரோடு சேர்ந்து அதை உண்டாக்குகிற ஆள் என்பது அவர் கடைசிவரை வற்புறுத்திய கருத்து. அதை நிரூபித்துக் காட்டியது அந்த ஊர்க்காரர்கள்.

எங்களால் அந்தப் பங்கைச் செய்ய முடியாதா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். இப்போது எங்கள் சுகாதார நிலையத்தில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரும் மேற்படிப்புக்குப் போவார், போகட்டும். இருக்கும்வரை அவரிடம் போவது என்று எங்கள் தெருவில் சில குடும்பங்கள் பேசி வைத்திருக்கிறோம். காய்ச்சலுக்கு ஊசி கேட்பதில்லை. மருந்து எழுதாவிட்டால், "எதைப் பார்த்தா திரும்ப வரணும் டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொள்வது. அவர் சொன்னதை வெளியே வருமுன் எழுதிக்கொள்வது. வேறு எந்த டாக்டரிடம் போனாலும் எல்லாச் சீட்டையும் கூட எடுத்துப் போவது. இவ்வளவும் பெரிய காரியமில்லை. ஆனால் முதல் தடவை ஊசி கேட்காமல் எழுந்து வருவது எங்களில் பலருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் திட்டினார்கள். டாக்டரம்மாவும் முதலில் சீட்டை நீட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவரே நாற்காலியைத் திருப்பிப்போட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறார்.

நோயாளர் நலச் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதியாகிவிட்டது. கழிப்பறைக் குழாய், ரத்தப் பரிசோதனைக்கு ஆள், காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவிலிருந்து கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். வரும்போது பத்தாவது படிக்கிற பிள்ளை ஒன்றும் ஒரு நோட்டோடு கூட வரும். வீட்டில் இருக்கிற பழைய சீட்டு, ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் வைத்திருங்கள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைப் பாட்டிகளிடம் முன்னாடியே கேட்டு வையுங்கள்.